யாழ்ப்பாணத் தீவுச் சுற்றுலா: பயணமும் வழிகாட்டியும் தெரிவு செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வரும் பலர் ஹொட்டேலுக்கும் விமானத்துக்கும் நாள்கணக்கில் தேடிப் பார்க்கிறார்கள். தீவுப் பயணத்தை மட்டும் வந்து இறங்கிய அன்று மாலை யாரோ நீட்டும் அட்டையைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். இங்கே நாளின் நேரத்தை வகுப்பவை படகும் காற்றும். அதைத் தெரிந்துகொண்டு கேள்வி கேட்டால் நல்ல பயணம் எது, வெறும் அலைச்சல் எது என்று முற்பணம் கொடுக்கும் முன்பே விளங்கிவிடும்.

எந்தத் தீவுக்குப் போவது என்று எப்படி முடிவெடுப்பது?

வாகனத்தில் போகக்கூடிய தீவு எது, படகு ஏறவேண்டிய தீவு எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மண்டைதீவு, ஊர்காவற்றுறை அடங்கிய வேலணைத்தீவு, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குக் கடலுக்குக் குறுக்கே போட்ட வீதியான தாம்போதி வழியே பஸ்ஸிலோ ஓட்டோவிலோ போய்விடலாம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்குக்கும் படகுதான் வழி. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் ஏறவேண்டும். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகு இருக்கிறது.

அரை நாள்தான் இருக்கிறது, கோயிலும் விகாரையும் பார்க்கவேண்டும் என்றால் நயினாதீவு. ஒரு முழு நாளைக் கொடுக்க முடியும், வெயிலைத் தாங்குவீர்கள், வரலாறும் வெட்டவெளியும் பிடிக்கும் என்றால் நெடுந்தீவு. கடலில் குளிப்பதும் பிள்ளைகள் விளையாடுவதும்தான் நோக்கம் என்றால் படகே வேண்டாம். காரைநகர் கசூரினா கடற்கரையோ வேலணைச் சாட்டிக் கடற்கரையோ போதும். அனலைதீவும் எழுவைதீவும் சுற்றுலாவுக்கென்று எதையும் அமைத்து வைத்திருக்காத ஊர்கள். பூர்வீக வீடோ கோயில் திருவிழாவோ இருப்பவர்களுக்கு அவை மனதுக்கு நெருக்கமானவை. மற்றவர்கள் திரும்பும் படகின் நேரத்தை உறுதி செய்யாமல் அங்கே போகவேண்டாம்.

ஒரே நாளில் நயினாதீவும் நெடுந்தீவும் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்களே, சரிவருமா?

பொதுப் படகை நம்பிப் போனால் சரிவராது. கணக்கைப் பாருங்கள். யாழ்ப்பாண நகரத்திலிருந்து குறிகட்டுவான் ஏறக்குறைய 35 கிலோமீற்றர். 776 இலக்க பஸ்ஸில் ஒன்றரை மணிநேரம் வைத்துக்கொள்ளுங்கள், சொந்த வாகனம் என்றால் ஒரு மணிநேரம். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் 15 முதல் 20 நிமிடம். படகுகளும் அடிக்கடி ஓடும். நெடுந்தீவுக்கு ஒரு மணிநேரத்துக்குக் குறையாது. காலையில் போகும் படகைப் பிடித்து பிற்பகல் படகில் திரும்பவேண்டும், இடையில் வேறு படகு கிடைக்கும் என்று நம்பமுடியாது. ஆக நெடுந்தீவு மண்ணில் உங்களுக்குக் கிடைப்பது நான்கு, மிஞ்சினால் ஐந்து மணிநேரம். அதில் ஒரு மணிநேரத்தை நயினாதீவுக்கு வெட்டிக் கொடுத்தால் படகே தவறிப்போகும்.

தனிப் படகு வாடகைக்கு எடுப்பவர்கள் இரண்டையும் தொடமுடியும். அப்போதும் நயினாதீவில் நடை சாத்தும் நேரம், நெடுந்தீவில் உச்சி வெயில், பிற்பகலில் கூடும் காற்று என்று மூன்றும் சேர்ந்து நெருக்கும். “மூன்று தீவு ஒரு நாள்” என்று சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒவ்வொரு தீவிலும் கரையில் நிற்கும் நேரம் எவ்வளவு? மணிக்கணக்கில் எழுதித் தந்தால் தொடர்ந்து கதையுங்கள். “எல்லாம் பார்க்கலாம்” என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

எந்த மாதங்கள் நல்லவை?

படகுப் பயணத்துக்கு பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை மிக நல்ல காலம். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று ஓய்ந்திருக்கும், தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் இன்னும் எழும்பியிருக்காது. மழைநீர் வற்றாத குளங்களும் பச்சைப் புல்வெளியும் பெப்ரவரியில் இன்னும் இருக்கும்.

மே நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை சோளகக் காற்று. நெடுந்தீவு குறிகட்டுவானுக்குத் தென்மேற்கில் இருப்பதால் போகும்போது படகு காற்றுக்கு நேர் எதிராகப் போகவேண்டும். முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும், மேற்தட்டில் இருப்பவர்கள் நனைவார்கள். புலம்பெயர்ந்த குடும்பங்கள் பள்ளி விடுமுறைக்கு வரும் ஜூலையும் ஓகஸ்டும் இதே காலம்தான். அதற்காகப் போகவே கூடாது என்றில்லை. போகும் நாளை இறுக்கிப் பிடிக்காமல், முன்னும் பின்னும் ஒரு நாள் மாற்றக்கூடியதாகத் திட்டம் வையுங்கள்.

ஒக்டோபர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை. நவம்பரில் தாழமுக்கம் உருவானால் படகுச் சேவை நாள்கணக்கில் நிற்கும். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புக்கென்று நாளாந்தம் தனி அறிக்கை வெளியிடுகிறது. அதில் மன்னார் முதல் காங்கேசன்துறை வரையான பகுதிக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று முதல் நாள் மாலையும் அன்று காலையும் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் காற்று என்று இருந்தால் நெடுந்தீவை அன்றைய திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வானம் வெளித்திருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். சோளக காலத்தில் நல்ல வெயில் நாளிலேதான் கடல் அதிகம் கொந்தளிக்கும்.

வழிகாட்டி கட்டாயம் வேண்டுமா?

இடத்தைப் பொறுத்தது. நயினாதீவுக்கு வேண்டியதில்லை. குறிகட்டுவானில் கூட்டத்தோடு ஏறி, இறங்கும் துறையில் இறங்கினால் கோயில் கண்முன்னே நிற்கும். கசூரினா, சாட்டி, நல்லூர், கீரிமலை ஆகியவற்றுக்கும் அப்படித்தான்.

நெடுந்தீவில் வழிகாட்டி இருந்தால் அந்த நாளே வேறாக இருக்கும். இடங்கள் சிதறிக் கிடக்கின்றன, பெயர்ப்பலகைகள் குறைவு. முருகைக்கல்லை அடுக்கி, சாந்து பூசாமல் எழுப்பிய வேலிகளை ஒருவர் நின்று விளக்காவிட்டால் வெறும் கற்குவியலாகத் தெரியும். யாழ்ப்பாணக் கோட்டைக்கும் நல்ல வழிகாட்டி பெறுமதியானவர். போர்த்துக்கேயர் கட்டியது எது, 1658இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாக மாற்றிக் கட்டியது எப்படி, அகழியும் கொத்தளங்களும் எதற்கு என்று இடத்திலேயே நின்று கேட்கும்போது ஒன்றரை மணிநேரம் போவது தெரியாது. பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும் வழிகாட்டி தேவை. அவருக்குப் பறவைகள் தெரியுமா என்பதை மட்டும் தனியாக விசாரியுங்கள். எல்லாச் சுற்றுலா வழிகாட்டிகளுக்கும் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அனுமதி பெற்ற வழிகாட்டி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழங்கும் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். படம், பெயர், இலக்கம், காலாவதித் திகதி நான்கையும் பாருங்கள். நாடு முழுவதும் வழிகாட்டக்கூடிய தேசிய வழிகாட்டிகள், வாகனத்தையும் ஓட்டி வழியும் காட்டும் சாரதி வழிகாட்டிகள், ஒரு பிரதேசத்துக்கு மட்டுமானவர்கள், ஒரே ஒரு இடத்துக்கு மட்டுமானவர்கள் என்று வகைகள் உண்டு. அட்டையைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அனுமதி உள்ளவர் சந்தோசமாக எடுத்துக் காட்டுவார்.

நெடுந்தீவில் உங்களைச் சுற்றிக் காட்டும் ஓட்டோக்காரர் பெரும்பாலும் அட்டை வைத்திருக்கமாட்டார். அவர் ஊர்க்காரர், பாதைகளும் ஊர்க்கதைகளும் அவருக்கு நன்றாகத் தெரியும். அவரைச் சாரதியாக எடுத்துக்கொண்டு அதற்குரிய கூலியைப் பேசுங்கள். வழிகாட்டிக் கட்டணம் என்று தனியாக யாராவது கேட்டால் மட்டும் அட்டையைக் கேட்கலாம்.

பொதியாக ஒரு விலை சொல்கிறார்கள். அது நியாயமா என்று எப்படிப் பார்ப்பது?

உடைத்துக் கேளுங்கள். நகரத்திலிருந்து குறிகட்டுவான் போய்வர ஏறக்குறைய 70 கிலோமீற்றர். வாகனத்துக்குக் கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று கேட்டுப் பெருக்குங்கள். அதோடு சாரதி துறையில் காத்திருக்கும் நேரத்துக்கான கூலி. நெடுந்தீவு என்றால் அது ஆறேழு மணிநேரம், சின்னத் தொகை இல்லை. பிறகு படகு, தீவில் ஓடும் வாகனம், வழிகாட்டி, சாப்பாடு. இந்த ஆறையும் தனித்தனியே கூட்டி, பொதியின் விலையோடு ஒப்பிடுங்கள்.

பிரச்சினை பெரும்பாலும் வருவது ஒரே இடத்தில். “போக்குவரத்து உள்ளடக்கம்” என்று எழுதியிருப்பார்கள். உங்கள் வான் குறிகட்டுவானோடு நின்றுவிடும். நெடுந்தீவில் இறங்கியதும் இன்னொரு வாகனம் பிடிக்கவேண்டும், அதற்கு அங்கேயே காசு கேட்பார்கள். ஆகவே “தீவுக்குள் ஓடும் வாகனமும் இதற்குள் அடங்குமா, எந்தெந்த இடங்களுக்கு?” என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

விலை ஆளுக்கா வாகனத்துக்கா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஒரே ஓட்டோவில் போவதற்கு நான்கு முறை கட்டணம் வாங்குவது நியாயமில்லை. இரண்டு மூன்று பேருக்கு ஓட்டோ போதும். ஆறு பேருக்கு மேல் என்றால் வான் எடுப்பது ஆளுக்குக் கணக்குப் பார்த்தால் மலிவு.

முற்பணம் எவ்வளவு கொடுக்கலாம்? மழை பெய்தால் திரும்பக் கிடைக்குமா?

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கவேண்டாம். படகு ஓடாவிட்டால் என்ன செய்வார்கள் என்பதை வட்ஸ்அப்பில் ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள்: வேறு நாளுக்கு மாற்றுவார்களா, பணத்தைத் திருப்புவார்களா, வாகனக் கூலியை மட்டும் கழிப்பார்களா? வாகனம் குறிகட்டுவான் வரை வந்துவிட்ட பிறகு படகு நின்றால் சாரதியின் கூலியைக் கொடுப்பதுதான் முறை. படகுக்கும் தீவு வாகனத்துக்கும் சேர்த்துக் கழிப்பது முறையில்லை.

மாற்றுத் திட்டமும் முன்கூட்டியே இருக்கட்டும். படகு ஓடாத நாளில் அதே வாகனத்தை ஊர்காவற்றுறைப் பக்கம் திருப்பி, அங்கிருந்து காரைநகருக்கு ஓடும் “பாதை”யில் கடந்து, கசூரினா பார்த்து, வட்டுக்கோட்டை வழியே திரும்பினால் ஒரு நல்ல சுற்று. பாதை என்று இங்கே சொல்வது வீதி அபிவிருத்தி அதிகார சபை நடத்தும் மிதவைப் படகை, கட்டணம் இல்லை. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஏறும். காரோ வானோ என்றால் முதலே விசாரியுங்கள், இல்லாவிட்டால் சாரதி வண்டியைச் சுற்றிக் கொண்டுவரவேண்டும். பழுதாகி நிற்கும் நாட்களும் உண்டு, காற்று கடுமையானால் இதுவும் ஓடாது.

படகில் எதைக் கவனிக்கவேண்டும்?

உயிர்காப்பு அங்கி. கொடுத்தால் மடியில் வைக்காமல் போட்டு, பட்டிகளை இறுக்குங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் அங்கியைப் போட்டால் நீரில் விழுந்ததும் தலைக்கு மேலே கழன்று போகும். கால்களுக்கு இடையே பட்டி உள்ள சிறிய அங்கி தேவை. பொதுப் படகில் அது கிடைக்கும் என்று நம்பவேண்டாம். சிறு பிள்ளையோடு போகும் குடும்பம் சொந்தமாக ஒன்று கொண்டுபோவது நல்லது.

மரப் படகுகளில் கீழ்த்தளம் வெக்கையாக இருக்கும், டீசல் மணமும் அடிக்கும். குமட்டல் வருபவர்கள் நடுப்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையில், காற்றுப் படும் இடத்தில் இருந்து அடிவானத்தைப் பாருங்கள். முன்பக்கம்தான் அதிகம் ஆடும். குமட்டல் மாத்திரையைப் படகு ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணிநேரம் முன்பே போடவேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோசனமில்லை. வெறும் வயிறும் கூடாது, நிறையச் சாப்பிடவும் கூடாது. இரண்டு இடியப்பமோ பாணோ போதும்.

தனிப் படகு எடுத்தால் நான்கைச் சரிபாருங்கள். படகின் பதிவிலக்கம் வெளியில் எழுதியிருக்கிறதா? எல்லோருக்கும் அங்கி இருக்கிறதா? இரண்டாவது இயந்திரமோ, கரையோடு தொடர்புகொள்ள வழியோ இருக்கிறதா? புறப்படுமுன் துறையிலுள்ள கடற்படையினரிடம் பயணிகளின் விபரம் பதியப்படுகிறதா? இந்தக் கடைசிப் பதிவை வீண் கெடுபிடி என்று நினைக்கவேண்டாம். படகு வரத் தாமதித்தால் தேடிப் போகவேண்டியவர்கள் அவர்கள்தான். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. நெடுந்தீவுப் படகு முதலில் அந்த ஊர் மக்களின் போக்குவரத்து. ஆசிரியர்களும் நோயாளிகளும் சாமான் மூட்டைகளும் அதிலேதான் போகவேண்டும். இடம் குறைவாக இருக்கும் நாளில் அவர்களுக்கு வழிவிடுங்கள்.

நெடுந்தீவில் இறங்கிய பிறகு எப்படி ஒழுங்குபடுத்துவது?

திரும்பும் படகின் நேரத்தைப் படகுக்காரரிடமே கேட்டு, சாரதியிடமும் சொல்லி, அதற்கு அரை மணிநேரம் முன்னதாகத் துறைக்கு வருவதாகத் திட்டமிடுங்கள். பிறகு தூரமான இடத்திலிருந்து தொடங்குங்கள். தீவின் தெற்குப் பக்கத்திலிருக்கும் குயின்ரா கோபுரம், புல்வெளியும் குதிரைகளும், வெடியரசன் கோட்டை இருந்த இடம் என்பவற்றை வெயில் ஏறுமுன் முடித்து, ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பெருக்கு மரம் ஆகிய துறைக்குக் கிட்டவானவற்றைக் கடைசியில் வைத்துக்கொண்டால் படகைத் தவறவிடும் பயம் இல்லை. பலர் மறுபக்கமாகச் செய்கிறார்கள்: கிட்டடி இடங்களில் படம் எடுத்தே இரண்டு மணிநேரம் போய், தூர இடங்களுக்கு உச்சி வெயிலில் ஓடுவார்கள்.

பெருக்கு மரம் ஆபிரிக்காவைச் சேர்ந்தது, அராபிய வணிகர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. அடிமரத்துப் பொந்துக்குள் ஆள் நுழையலாம். மரப்பட்டையில் பெயர் வெட்டவேண்டாம். எத்தனையோ பேர் வெட்டிய காயங்கள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர் கொண்டுபோங்கள். தீவின் பல கிணறுகள் உவர், கடைகளும் எல்லா இடத்திலும் இல்லை. தொப்பி, கழுத்தை மூடும் துணி, முருகைக்கல்லில் நடக்க அடி தடித்த செருப்பு இருக்கட்டும். மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் இறங்கியவுடனேயே சாரதி மூலம் சொல்லிவைக்கவேண்டும். ஆள் வந்து சொன்ன பிறகுதான் பல இடங்களில் உலை வைப்பார்கள்.

இரவு தங்கும் வசதியும் உண்டு. ஓட்டம் இல்லாமல் மாலை வெயிலில் புல்வெளியைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழியில்லை. அறையை முன்பதிவு செய்துவிட்டே படகு ஏறுங்கள்.

குதிரைகளுக்குக் கிட்டப் போகலாமா? சவாரி உண்டா?

இல்லை. அவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்து, காட்டு நிலைக்குத் திரும்பியவை. உதைக்கும், குட்டியோடு நிற்கும்போது கடிக்கவும் வரும். 30 மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். பாண், பிஸ்கட், வாழைப்பழம் எதுவும் போடவேண்டாம். வறட்சி மாதங்களில் அவை நீர்நிலைகளைத் தேடி வந்து நிற்கும், அப்போது பார்ப்பது சுலபம். அதே நேரத்தில்தான் அவை தண்ணீருக்குத் தவிக்கின்றன. வாகனத்தைக் குளத்தின் விளிம்பு வரை ஓட்டிப் போய்க் கூட்டத்தைக் கலைத்தால் அன்றைக்குக் குடிக்காமலே போய்விடும். “கிட்டக் கொண்டுபோய்க் காட்டுகிறேன்” என்று புல்வெளிக்குள் வண்டியை விடும் சாரதியைத் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

நயினாதீவுக்கு என்ன ஒழுங்கு?

காலையிலேயே போங்கள். மதியப் பூசையோடு நடை சாத்தினால் மாலையில்தான் திறக்கும். நாகபூசணி அம்மன் கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றவேண்டும்; வேட்டி இருந்தால் நல்லது. மதியம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் கிடைக்கும், ஆகவே சாப்பாட்டுக்கென்று பொதியில் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. விரும்பினால் அன்னதானத்துக்குக் கொடுங்கள். நாகதீப விகாரைக்கு வெள்ளை அல்லது வெளிர் உடை, தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். கோயிலுக்கும் விகாரைக்கும் தனித்தனி இறங்குதுறை இருப்பதால் ஒன்றில் இறங்கி, நடந்து பார்த்து, மற்றதில் ஏறலாம்.

போயா நாட்களிலும் நீண்ட விடுமுறைகளிலும் தெற்கிலிருந்து யாத்திரை பஸ்கள் வரிசையாக வரும். ஆனி மாதத்து அம்மன் திருவிழாவில் துறையில் நிற்க இடமிருக்காது. திருவிழாவுக்கென்றே வருபவர்கள் அதற்கு ஆயத்தமாக வருவார்கள். மற்றவர்கள் வார நாளைத் தெரிவு செய்யுங்கள்.

பூநாரைகளைப் பார்க்க எங்கே, எப்போது?

ஜனவரி முதல் மார்ச் வரை. மழை ஓய்ந்து களப்பின் நீர் வற்றி, முழங்கால் அளவுக்கு வரும்போது இரை தேடி இறங்கும். மண்டைதீவுத் தாம்போதியோரத்திலும் புங்குடுதீவுப் பக்கத்திலும் வீதியிலிருந்தே காணக் கிடைக்கும் நாட்கள் உண்டு. பெருங்கூட்டம் வேண்டுமென்றால் சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான இடம். பறவைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே முதல் நாள் யாராவது கண்டார்களா என்று விசாரித்துவிட்டு வண்டியை எடுக்கும் வழிகாட்டிதான் நல்லவர்.

விடியற்காலை போங்கள், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எட்டு மடங்கு பெருப்பிக்கும் இருவிழிக் கருவி ஒன்று கொண்டுபோனால் கைபேசியோடு சேற்றில் இறங்கத் தோன்றாது. இறங்கவும் கூடாது. மேலே காய்ந்தது போலிருக்கும் சேறு முழங்கால் வரை இழுக்கும். பறவைகளைப் பறக்க வைத்துப் படம் எடுக்கத் தரும் படகுச் சவாரியைத் தவிருங்கள். நீண்ட தூரம் பறக்கும் பறவைக்கு இரை எடுக்கும் நேரம் மிகப் பெறுமதியானது.

சுண்டிக்குளம் போகும் வழியிலோ முகமாலைப் பக்கத்திலோ மண்டையோட்டுப் படமுள்ள சிவப்புப் பலகையைக் கண்டால் அதைத் தாண்டி ஓர் அடியும் வைக்காதீர்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்த, நடக்கின்ற நிலம் அது.

சைக்கிள் சுற்றுலா நல்லதா?

மிக நல்லது. குடாநாடு முழுவதும் சமதரை, ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. காற்றுத்தான் ஏற்றம். சோளக காலத்தில் பண்ணைத் தாம்போதியிலும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலான வாணர் தாம்போதியிலும் போகும்போது எதிர்காற்று, வரும்போது தள்ளிவிடும். 6 மணிக்குப் புறப்பட்டால் காற்று எழும்புமுன் பாதித் தூரம் கடந்துவிடலாம். முதல் தடவை ஓடுபவர்கள் மண்டைதீவுச் சந்தி வரை போய்த் திரும்பினால் போதும். வாடகைச் சைக்கிளில் பிரேக், டயர் காற்று, இருக்கையின் உயரம் மூன்றையும் பார்த்து வாங்குங்கள். ஒட்டுப் போடும் சாமானும் பம்பும் தருகிறார்களா என்றும் கேளுங்கள். தாம்போதி நடுவில் கடை இல்லை.

சமையல் வகுப்பு என்று பல இடத்தில் தருகிறார்கள். எதைப் பார்த்துத் தெரிவு செய்வது?

உங்கள் கையால் எதைச் செய்வீர்கள் என்று கேளுங்கள். சிலவற்றில் வெட்டியது, அரைத்தது எல்லாம் ஆயத்தமாக இருக்கும், நீங்கள் கரண்டியைப் பிடித்துப் படம் எடுப்பதோடு சரி. சந்தையில் தொடங்கும் வகுப்பே மேல். பாசையூரில் அதிகாலையில் மீன் ஏலம் கூறுவதைப் பார்த்து, நண்டை நீங்களே தெரிந்து வாங்கி வந்து சமைப்பதற்கு அரை நாள் போகும், ஒவ்வொரு நிமிடமும் பிரயோசனமானது.

ஒடியல் கூழ் கற்றுத் தருகிறார்கள் என்றால் ஒடியல் மாவை (உலர்த்திய பனங்கிழங்கின் மா) எப்போது ஊறவைப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்தால்தான் கசப்புப் போகும். பிறகுதான் நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய் வெந்த பானையில் மாவையும் புளியையும் கரைத்துவிட்டுத் தடிக்கும் வரை கிண்டவேண்டும். ஒரு மணிநேர வகுப்பில் இது முடியாது. உறைப்பைக் குறைக்கச் சொல்லலாம். கடலுணவு ஒவ்வாதவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள்; கூழில் எதையும் பிறகு எடுத்துவிட முடியாது.

பவளப்பாறை நீச்சல், திமிங்கிலம் பார்ப்பது யாழ்ப்பாணத்தில் உண்டா?

அதற்காக இங்கே காசு செலவழிக்கவேண்டாம். களப்பும் தீவுகளைச் சுற்றிய கடலும் ஆழம் குறைந்தவை, காற்றடித்தால் கலங்கிவிடும். பவளப்பாறை பார்க்கத் திருகோணமலைப் புறாத்தீவுக்கு மே முதல் செப்டெம்பர் வரை போங்கள். திமிங்கிலத்துக்கும் அதே காலத்தில் திருகோணமலை, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே மிரிஸ்ஸ.

கடலில் இறங்கிக் குளிப்பது பாதுகாப்பானதா?

கசூரினாவில் நீண்ட தூரத்துக்கு இடுப்பளவு தண்ணீர்தான், பிள்ளைகளுக்கு ஏற்றது. வடகீழ்ப் பருவக்காற்று காலத்தில் அங்கும் இறங்கவேண்டாம். கலங்கிய, ஆழமில்லாத தண்ணீரில் திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போகும். முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்திருங்கள், வலி குறையும். முள் உள்ளே இருந்தால் இழுக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். கீரிமலைக் கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு.

வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா?

நயினாதீவுக்குக் கூட்டிப் போகலாம், கடல் அமைதியான காலையில். கடினம் படகு ஏறி இறங்கும் இடத்தில்தான்: படிகள் ஈரமாக இருக்கும், சில நேரம் ஒரு படகைக் கடந்து அடுத்த படகுக்குப் போகவேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடிக்க ஆள் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் புங்குடுதீவு, ஊர்காவற்றுறைச் சுற்று வாகனத்திலேயே முடிந்துவிடும். நெடுந்தீவில் வீதி குலுக்கும், நிழல் குறைவு. இருதய நோயாளிகளை அங்கே கொண்டுபோவது பற்றி வைத்தியரைக் கேட்டே முடிவெடுங்கள்.

அவசரம் என்றால்?

அம்புலன்ஸ் 1990, கட்டணம் இல்லை. பொலிஸ் 119. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அரசாங்க வைத்தியசாலை உண்டு. கடுமையான நோயாளியைப் படகில் கரைக்குக் கொண்டுவந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். ஆகவே நாளாந்தம் போடும் மருந்தை ஒரு நாளுக்குக் கூடுதலாகவே பையில் வையுங்கள். படகு நின்று இரவு தங்கவேண்டி வந்தால் அது கைகொடுக்கும்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

சிவில் விமான சேவை அதிகார சபையின் அனுமதி இல்லாமல் முடியாது. தீவுப் பகுதியில் கடற்படை முகாம்கள் இருப்பதால் அனுமதி இருந்தாலும் இடத்தில் கேட்டே எழுப்புங்கள். கோயில், விகாரைக்கு மேலே வேண்டாம்.

கச்சதீவுக்குச் சுற்றுலா உண்டா?

இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, பெப்ரவரி அல்லது மார்ச்சில் வரும் அந்தோனியார் திருவிழாவுக்கு மட்டும் அரச அதிகாரிகளின் ஒழுங்கில் யாத்திரிகர்கள் போகிறார்கள். வேறு நாளில் கூட்டிப் போகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.